அப்ளிக் எழுத்து தையல் கோட்டோடு பொருந்தவில்லையா?

வணக்கம். அப்ளிக்குக்காக, அதாவது துணியில் வெட்டிய எழுத்தை இன்னொரு துணி மேல் வைத்துத் தைப்பதற்காக, எம்பிராய்டரியில் இருக்கும் அதே எழுத்துருவைத் துணி வெட்டும் இயந்திரத்தின் கட்டிங் மென்பொருளில் தட்டச்சு செய்து, அதே உயரம் கொடுத்து வெட்டியும் வளைவுகளில் துணி வெளியே தெரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். தவறு உங்கள் கையில் இல்லை. எழுத்தை மறுபடி தட்டச்சு செய்ததில்தான் இருக்கிறது. எம்பிராய்டரி எழுத்தில், நூல் துணியை இழுப்பதை ஈடுகட்டத் தையலைச் சற்று அகலமாக்கியிருப்பார்கள். அதனால் பெயர் ஒன்றானாலும் வடிவம் ஒன்றாகாது.

டிசைனின் முதல் தையலான, துணியை எங்கே வைப்பது என்று காட்டும் இடக்குறிக் கோட்டை மட்டும் பிரித்து, வெட்டும் மென்பொருள் படிக்கும் எஸ்விஜி கோப்பாகச் சேமியுங்கள். அந்தக் கோட்டில்தான் வெட்ட வேண்டும். துணியின் ஓரத்தை மூடும் நெருக்கமான சாட்டின் தையலின் வெளி ஓரத்தில் வெட்டினால் துணி கட்டாயம் பிதுங்கும். கோப்பைத் திறந்ததும் அளவைச் சரிபாருங்கள்: 100 மி.மீ. எழுத்து 133 என்றோ 75 என்றோ காட்டினால், ஒரு மென்பொருள் அங்குலத்துக்கு 96 புள்ளியும் மற்றது 72 புள்ளியும் கணக்கிடுகிறது என்று பொருள்.

துணியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பின்புறம் ஒட்டுத்தாளைச் சூட்டில் ஒட்டிய பிறகே வெட்டுங்கள். ஒட்டாத பருத்தியைக் கத்தி இழுத்துக்கொண்டே போகும். 'ஓ'வின் சுழிக்குள் நூல் பிசிறு பிசிறாக நிற்கும். நல்ல பக்கம் கீழே பார்க்க வைத்தால் எழுத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்ப வேண்டும்.

முதலில் ஒரே ஒரு எழுத்தை வெட்டி, ஹூப்பில் (துணியை இறுக்கிப் பிடிக்கும் சட்டம்) இடக்குறிக் கோட்டின் மேல் வைத்துப் பாருங்கள். அரை மில்லிமீட்டர் விலகலை 3 மி.மீ. சாட்டின் மூடிவிடும்.