நிக் சார்லஸ் எப்போது துப்பறிவார்?

அன்புள்ள ஐயா,

நீங்கள் பரிந்துரைத்த ‘தி தின் மேன்’ (1934) படத்தை அப்பாவோடு பார்த்தேன். மதுரை ரீகல் தியேட்டரில் இங்கிலீஷ் படங்களாகப் பார்த்துத் தள்ளியவர் அவர். அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “இந்த ஆள் எப்பப்பா துப்பறிவான்? குடிச்சுக்கிட்டே இருக்கானே” என்று எழுந்து போய்விட்டார். எனக்கும் யார் யாருக்கு என்ன உறவு என்றே பிடிபடவில்லை. இதை ஏன் கொண்டாடுகிறார்கள்?

க., திருமங்கலம்

அன்புள்ள க.,

அப்பா கேட்டது நியாயம். நிக் சார்லஸ் துப்பறியும் தொழிலை விட்டுவிட்டவர். மனைவி நோராவின் சொத்தைக் கவனித்துக்கொண்டு சொகுசாக வாழ்கிறார். கிறிஸ்துமஸுக்கு நியூயார்க் வந்த இடத்தில் வழக்கு அவரைத் துரத்துகிறது, அவர் நழுவுகிறார். பாதிப் படம் இதுதான்.

கொலைக் கதை சிக்கல்தான். எனக்கும் ஒவ்வொரு முறையும் கொலையாளி யார் என்பது மறந்துவிடுகிறது! ஆனால் இயக்குநர் வான் டைக்குக்கு வேண்டியிருந்தது கணவன் மனைவி பேச்சு. டாஷியல் ஹாமெட்டின் நாவலைத் திரைக்கதையாக்கிய ஆல்பர்ட் ஹாக்கெட், பிரான்சஸ் குட்ரிச் இருவருமே நிஜத்தில் தம்பதி. மதுக்கடைக் காட்சியை மறுபடி பாருங்கள். எத்தனை மார்ட்டினி குடித்தாய் என்று நோரா கேட்கிறாள். ஆறு என்கிறார் நிக். உடனே தனக்கு இன்னும் ஐந்தை வரிசையாகக் கொண்டுவந்து வைக்கச் சொல்கிறாள். கண்டிக்கவில்லை, கண்ணீர் விடவில்லை, கணக்கை நேர் செய்கிறாள். நிக்காக நடித்த வில்லியம் பவலும் நோராவாக நடித்த மிர்னா லோயும் 14 படங்களில் சேர்ந்து நடித்ததற்கு இந்தப் பொருத்தம்தான் காரணம்.

ரீகல் ரசிகர்களுக்கு இது எடுபட்டிருக்காது என்றே நினைக்கிறேன். பகலில் நூலகமாகவும் மாலையில் தியேட்டராகவும் இருந்த விக்டோரியா எட்வர்ட் மன்றத்தில், வசனம் புரியாமலே படம் பார்த்து ரசித்த கூட்டம் அது. துரத்தலும் துப்பாக்கியும் இருந்தால் போதும், மொழி தேவையில்லை. இந்தப் படத்தில் பேச்சை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அழகாக உடுத்திய ஒரு குடிகாரர், ஒரு நாய்க்குட்டி.

இன்னொன்று, நம் படங்களில் துப்பறிபவருக்குப் பெரும்பாலும் கல்யாணம் ஆகியிருக்காது. ஆகிவிட்டால் டூயட்டுக்கு எங்கே போவது? ஜெய்சங்கரின் ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) வகைப் படங்களில் காதலிப்பதும் கண்டுபிடிப்பதும் ஒன்றாகவே நடக்கும். நாவல்களில் கதை வேறு. தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கு இந்திரா என்று மனைவி உண்டு. நிக்குக்கு மார்ட்டினி என்றால் அவருக்குத் தேநீர். அந்த வீட்டை வைத்து ஒருவர் நல்ல திரைக்கதை எழுதியிருக்கலாம்.

குறையும் உண்டு. துப்பாக்கியோடு ஒருவன் அறைக்குள் வரும்போது, காப்பாற்றுவதற்காக நிக் நோராவையே குத்தி மயக்கமாக்குவார். அதை வேடிக்கையாக வைத்திருக்கிறார்கள், இன்று உறுத்துகிறது.

அப்பாவுக்குக் கடைசி விருந்தை மட்டும் போட்டுக் காட்டுங்கள். சந்தேகத்துக்குரிய எல்லோரும் ஒரே மேஜையில், பரிமாறுகிறவர்கள் மாறுவேடப் போலீஸ். நிக் விளக்கிக்கொண்டே போவார். அதெல்லாம் உண்மையா என்று நோரா மெதுவாகக் கேட்டால், தெரியாது என்பார்!

நீங்கள் அடுத்து, இதே நிக்–நோரா வரிசையில் 1936இல் வந்த இரண்டாம் படத்தைப் பாருங்கள். இளவயது ஜேம்ஸ் ஸ்டூவர்ட் அதில் இருக்கிறார். 1947 வரை மொத்தம் ஆறு படங்கள் வந்தன, கடைசி இரண்டை விட்டாலும் நஷ்டமில்லை.