கடைசிக் குழாயில் என்ன வருகிறது?

ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: எங்கள் ஊராட்சிக் குழாயில் காலையில் வரும் தண்ணீர் மருந்து வாடை அடிக்கிறது. சோற்றில்கூட அந்த வாடை. குடிக்கலாமா? (வாசகி, மணப்பாறை)

பதில்: தாராளமாகக் குடிக்கலாம் அம்மா. அது கிருமியைக் கொல்லப் போடும் குளோரின் வாடை. குழாய்த் தண்ணீரில் அது அறவே இல்லையென்றால்தான் நான் பயப்படுவேன்.

ஒரு மழைக்காலத்தில் ஓர் ஊரின் கடைசித் தெருவில் மட்டும் வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு. தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்க்கும் குளோரோஸ்கோப்பை எடுத்துக்கொண்டு போனேன்; குளோரின் இருந்தால் மஞ்சள் நிறம் வரும். மேல்நிலைத் தொட்டியடியில் பிடித்த தண்ணீரில் சோதனை மருந்தைச் சொட்டியதும் மஞ்சள் நன்றாகவே வந்தது. கடைசிக் குழாயில் நிறமே இல்லை. தெருவைத் தோண்டிப் பார்த்தோம். ஒரு வீட்டு இணைப்பு சாக்கடைக்குள்ளேயே கிடந்தது, மூட்டில் விரிசல். தண்ணீர் விடும் நேரத்தில் அந்த வழியாக வெளியே கசியும். சப்ளை நின்றதும் குழாயில் அழுத்தம் போய், சாக்கடை உள்ளே இழுக்கப்படும். தொட்டியில் போட்ட குளோரின் அந்த அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துவிட்டது. அந்த வீடுகளில் படுத்துக் கிடந்த குழந்தைகளின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் முதலில் கடைசி வீட்டுக் குழாயைத்தான் திறப்பேன். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும்.

சரி, வாடைக்கு என்ன செய்வது? வாயகன்ற பாத்திரத்தில் பிடித்து, மெல்லிய துணியால் மூடி, சில மணி நேரம் வையுங்கள், வாடை குறைந்துவிடும். மூக்கைக் குத்தும் அளவுக்கு இருந்தால் டேங்க் ஆபரேட்டரிடம் சொல்லுங்கள். பிளீச்சிங் பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டக் கூடாது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். மூட்டையின் வாய் திறந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். புதுப் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும்; காற்றுப் பட்டால் அந்த வீரியம் போய்விடும்.

கேள்வி: எங்கள் போர் தண்ணீரில் டிடிஎஸ் 300தான். காய்ச்சாமல் குடிக்கலாமா? (வாசகர், தர்மபுரி)

பதில்: வேண்டாம். டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் கரைந்த உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. உங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு என்ற உப்பும் உண்டு. அது காய்ச்சினாலும் போகாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. பரிசோதனைக் கூடத்தில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். அதுவரை குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டில் விடியற்காலையில் சருகோடு பிளாஸ்டிக்கையும் எரிக்கிறார்கள். என் மகனுக்கு இளைப்பு வருகிறது. (வாசகி, ஈரோடு)

பதில்: பனிக்கால விடியலில் தரையோரக் காற்று குளிர்ந்து கிடக்கும். புகை மேலே எழும்பாமல் உங்கள் ஜன்னல் உயரத்திலேயே நிற்கும். அதில் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத துகள்கள் நுரையீரலின் அடிவரை போகும். மகனை மருத்துவரிடம் காட்டுங்கள். அப்புறம், புகை வரும் நேரத்தில் சண்டைக்குப் போகாமல், மாலையில் மகனையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய் நேராகச் சொல்லுங்கள். சருகைத் தென்னை மரத்தடியில் குழி வெட்டிப் போடலாம், பிளாஸ்டிக்கைத் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுக்கலாம். அதற்கும் கேட்கவில்லையென்றால் உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்து மூலமாகப் புகார் கொடுங்கள்.