சம்பளமும் சன்மானமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பணத்தைப் பற்றியவை. அவற்றிலும் பெரும்பாலானவை எழுத ஆசைப்படுகிறவர்கள் அனுப்பியவை. சம்பளம், கடன், வீட்டுச் செலவு என்று அந்தரங்கமான விவரங்கள் இருப்பதால் பெயர்களை நீக்கிவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: பனியன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வயது 29. சம்பளம் 28,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 18,000. வேலையில் சேர்ந்து நான்கு வருடம் ஏழு மாதம் ஆகிறது. சேமிப்பு 3 லட்சம். ஒரு நாவல் மனத்தில் கிடந்து அரிக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு அறைக்குத் திரும்பினால் பேனாவைத் தொட முடியவில்லை. வேலையை விட்டுவிட்டு எழுதலாமா? ஊரில் அம்மாவுக்கு மாதம் 10,000 அனுப்பியாக வேண்டும். என் செலவு 9,000.
வாசகர், திருப்பூர்

பதில்: விடுவதா வேண்டாமா என்பது இருக்கட்டும், முதலில் இன்னும் ஐந்து மாதம் பொறுங்கள். உங்களைப் போன்ற நிரந்தர ஊழியருக்கு ஐந்தாண்டுத் தொடர் பணி முடிந்த பிறகுதான் கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை. கடைசி மாதத்து அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் மறுபடி பெருக்கினால் வருவது அந்தத் தொகை. உங்கள் கணக்குக்கு ஏறத்தாழ 52,000 ரூபாய். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லைதான். ஆனால் ஊர்க் கணக்கை எல்லாம் பார்ப்பவர்கள் தம் கணக்கைப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் அனுபவம்.

இப்போது நாவலின் கணக்குக்கு வருவோம். உங்கள் மாதச் செலவு 19,000. ஆகவே 3 லட்சம் பதினைந்து மாதத்துக்குக் காணும், காய்ச்சல் தலைவலி எதுவும் வராமல் இருந்தால். நாவலை எழுதி முடித்து, நல்ல பதிப்பாளர் கிடைத்து, புத்தகத்துக்கு 400 ரூபாய் விலை வைக்கிறார் என்று கொள்ளுங்கள். தமிழில் வழக்கமான ராயல்டி பத்து சதவீதம், அதாவது படிக்கு 40 ரூபாய். 500 படி அச்சிட்டு அத்தனையும் விற்றுப்போனால் 20,000. முன்பு ஆயிரம், ஆயிரத்து இருநூறு என்று அச்சிட்டவர்கள் இப்போது நூறும் இருநூறுமாகத் தேவைக்கேற்ப அடித்துக்கொள்கிறார்கள் என்பதால், 500 என்பதே தாராளமான மதிப்பீடு. பதினைந்து மாதம் உட்கார்ந்து எழுதினால், எல்லாம் நன்றாக நடந்த பிறகு, ஒரு மாதச் செலவு திரும்பி வரும். இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்துவதற்காக அல்ல. நாவல் உங்களுக்குச் சோறு போட வேண்டும் என்று அதன் தலையில் பாரத்தை ஏற்றாதீர்கள் என்பதற்காக.

வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர்களின் வரிசை தமிழில் மிக நீளம். பூமணி கூட்டுறவுத் துறை அதிகாரி, நாஞ்சில்நாடன் ஊர் ஊராகச் சுற்றிய விற்பனைப் பிரதிநிதி, இமையம் பள்ளி ஆசிரியர், சோ. தர்மன் பஞ்சாலைத் தொழிலாளி. நால்வருமே பிற்காலத்தில் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: அசோகமித்திரன் 1966இல் ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்ட பிறகு எழுத்தையே நம்பி வாழ்ந்தார். ஆனால் அவர் பின்னாளில் திரும்பத் திரும்ப எழுதியது எந்த உலகத்தை என்று பாருங்கள்; அந்த ஸ்டூடியோவில் கழித்த ஆண்டுகள் அவருக்குக் கடைசிவரை கைகொடுத்தன.

நீங்கள் இருக்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் திருப்பூரில் நண்பர் ஒருவருடைய கம்பெனிக்குச் சனிக்கிழமை மாலை போயிருந்தேன். வாரச் சம்பளம் போடும் நேரம். ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், கைமடி என்று பிரிவு பிரிவாகத் தொழிலாளர்கள் வரிசையாக வந்து, இந்த வாரம் ஒன்றரை ஷிப்ட் எத்தனை நாள் என்று சரிபார்த்துக் கவரை வாங்கிக்கொண்டு போனார்கள். செக்கிங் பகுதிப் பெண் ஒருவர் வந்து நின்றார், எதுவும் கேட்கவில்லை. கணக்குப்பிள்ளை கவரோடு, நான்காக மடித்த மூன்று நூறு ரூபாய்த் தாள்களைத் தனியாக நகர்த்தி வைத்தார். அந்தப் பெண் தாள்களை டிபன் பாக்ஸின் மேலடுக்கில் போட்டு மூடி, கவரை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அங்கே வண்டியில் சாய்ந்தபடி கணவர் கவருக்காகக் காத்திருந்தார். “எத்தனை வருசமா இப்படி?” என்று கணக்குப்பிள்ளையிடம் கேட்டேன். “ஆறு வருசமாச்சுங்க. கவர் மேல எழுதறப்பவே முந்நூறு கொறச்சுத்தான் எழுதறது” என்றார்.

அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதை விட்டுவிட்டு அறையில் பூட்டிக்கொண்டு எதை எழுதப்போகிறீர்கள்?

நேரம் பற்றி உங்கள் குறை நியாயமானது. இரவு ஒன்பது மணிக்கு எழுத முடியாது, முயலவும் வேண்டாம். அறை நண்பர்கள் எழுவதற்கு முன் காலையில் ஒரு மணி நேரம், நாளுக்கு 200 சொல். 300 நாளில் 60,000 சொல் சேரும். அது ஒரு நாவல். இந்தப் பத்து மாதமும் அப்படி எழுதிப் பாருங்கள். பாதி நாவல் உண்மையிலேயே கைக்கு வந்துவிட்டது, மீதிக்கு மட்டும் முழுநாள் தேவை என்று ஆனால், அப்போது சம்பளமில்லா விடுப்புக் கேளுங்கள். கொடுக்காவிட்டால் விடுவதைப் பற்றி யோசிக்கலாம். ஒரு வரிகூட எழுதாமல் வேலையை விட்டவர்களில், விட்ட பிறகு எழுதியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

கேள்வி: வறுமையில் வாடியவர்கள்தானே பெரிய எழுத்தாளர்கள் ஆனார்கள்? பாரதியும் புதுமைப்பித்தனும் பணத்தைத் தேடிப் போகவில்லையே?
வாசகர், கும்பகோணம்

பதில்: தேடிப் போனார்கள், கிடைக்கவில்லை. இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. 1920இல் கடையத்தில் இருந்தபோது பாரதி ஒரு சுற்றறிக்கை தயாரித்தார். தம் எழுத்துகளை நாற்பது நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் படி அச்சிடுவது திட்டம். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல அவை சாதாரணமாக விற்றுப்போகும் என்று நம்பி, முதலுக்கு வட்டியோடு கடன் தரும்படி அன்பர்களைக் கேட்டார். நான்கு லட்சம் படிகள்! இன்றைய பதிப்பாளர் எவரும் கனவில்கூடக் காணாத எண்ணிக்கை. பணம் வரவில்லை. மறு ஆண்டு செப்டம்பரில் அவர் இறந்தார்; 39 வயது நிறையவில்லை. புதுமைப்பித்தன் பத்திரிகை வேலை பார்த்தார், பிறகு சினிமாவுக்கு வசனம் எழுதப் போனார், 1948இல் காசநோயால் மறைந்தார். அவருக்கு வயது 42. வறுமை அவர்களை எழுத்தாளர் ஆக்கவில்லை. அவர்கள் எழுதியிருக்கக்கூடிய முப்பது ஆண்டுகளைப் பிடுங்கிக்கொண்டது. வறுமையைத் தகுதிச் சான்றிதழ் போல மாட்டி வைக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் முதல் தேதி சம்பளம் வந்துவிடுகிறது என்பதையும் கவனித்திருக்கிறேன்.

கேள்வி: எழுத்தாளன் தன் புத்தகத்தைத் தானே தூக்கிக்கொண்டு போய் விற்பது கௌரவக் குறைவு இல்லையா?
வாசகர், சேலம்

பதில்: 1959இல் சிற்றிதழ் தொடங்கிய சி.சு. செல்லப்பா, தாம் பதிப்பித்த புத்தகங்களைக் கட்டுக்கட்டாகச் சுமந்து கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கினார். அவருக்கு இல்லாத கௌரவம் நமக்கு என்ன?

கேள்வி: என் இரண்டு சிறுகதைகள் வெளிவந்து ஓராண்டு ஆகிறது. சன்மானம் வரவில்லை. கேட்டால் அடுத்த கதையைப் போடமாட்டார்களோ என்று பயமாக இருக்கிறது. இன்னொரு பதிப்பாளர், 35,000 ரூபாய் கொடுத்தால் தொகுப்பாகப் போடுவதாகச் சொல்கிறார்.
வாசகி, விருதுநகர்

பதில்: கேளுங்கள். கதை வெளியான இதழ், பக்க எண், வங்கிக் கணக்கு விவரம் ஆகிய மூன்றையும் நான்கு வரியில் எழுதி அனுப்புங்கள். மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். சன்மானம் தரும் வழக்கமில்லாத சிறுபத்திரிகை என்றால் அதைத் தெரிந்துகொண்டு கொடுங்கள். அது உங்கள் விருப்பம். வழக்கம் உள்ள இடத்தில் கேட்பது பிச்சை அல்ல.

என் முதல் கதைக்கு இருபத்தைந்து ரூபாய் மணியார்டரில் வந்தது. தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து, எச்சில் தொட்டு நோட்டுகளை எண்ணிக் கொடுத்துவிட்டுக் கூப்பனைக் கிழித்து நீட்டினார். அரிசி மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எத்தனை நாள் எழுதின?” என்றார். பதினொரு நாள் என்றேன். “நாளைக்கு ரெண்டேகால் ரூபா. மூட்டை தூக்குறவன் இதுக்கு மேல வாங்குறான்” என்று சொல்லிவிட்டு மண்டிக்குப் போய்விட்டார். அந்தக் கூப்பன், அவர் காலமான பிறகு, அவருடைய பேரேட்டின் அட்டை மடிப்பில் கிடைத்தது.

35,000 கேட்பவரிடம், எத்தனை படி, விற்பனைக்கு எந்தக் கடைகள், விற்ற பணத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால், அவர் தொழில் புத்தகம் விற்பதல்ல, உங்களிடம் புத்தகக் கட்டுகளை விற்பது. யாரோடு ஒப்பந்தம் போட்டாலும் கால வரம்பைக் குறிப்பிடுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றித் தரும் ஒப்பந்தத்தில் காலம் சொல்லப்படவில்லை என்றால் அது ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். நீங்கள் எழுத்து மூலமாகக் கொடுக்காதவரை உரிமை உங்களுடையது. உங்கள் ஆயுளுக்குப் பின்னும் அறுபது ஆண்டு உங்கள் வாரிசுகளுக்கு. எனக்கு இது தெரிந்தது காலங்கடந்துதான். ஒரு பதிப்பாளர் ஆறு ஆண்டு கணக்கே காட்டாமல் என் தொகுப்பை விற்றுக்கொண்டிருந்தார். நான் அவரைக் காணும்போதெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கேள்வி: எழுதுவதற்கு லேப்டாப் வாங்க, 50,000 ரூபாய்ச் சீட்டில் இரண்டாவது மாதமே ஏலம் கேட்கலாம் என்றிருக்கிறேன். சரியா?
வாசகர், மதுரை

பதில்: ஆரம்ப மாதங்களில் அவசரக்காரர்கள் பலர் போட்டி போடுவார்கள், தள்ளு, அதாவது சீட்டை எடுப்பவர் விட்டுக்கொடுக்கும் தொகை, அதிகம் போகும். 12,000 தள்ளி எடுத்தால் கையில் 38,000தான். தள்ளுத் தொகையில் உங்கள் பங்கு கழிவாகக் கொஞ்சம் திரும்பி வந்தாலும், மீதி மாதமெல்லாம் தவணை கட்டியாக வேண்டும். சீட்டு பதிவு செய்ததா என்று பாருங்கள்; சீட்டு நிதிச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின், சீட்டு நடத்துபவருக்கான கமிஷன் ஏழு சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. இவ்வளவுக்கும் நடுவில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, அது தீரும்வரை எழுதுங்கள். தீர்ந்தால் சீட்டைப் பற்றி மறுபடி எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: வயது 46. இரண்டு பிள்ளைகளும் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். பள்ளி நாளிலிருந்தே எழுத ஆசை. இப்போது ஆரம்பித்தால் சிரிப்பார்களோ? எனக்கென்று அறையும் இல்லை, சம்பாத்தியமும் இல்லை. நோட்டும் கையுமாக உட்கார்ந்தாலே மாமியார், “என்ன கணக்கு?” என்று கேட்கிறார்.
வாசகி, ஈரோடு

பதில்: கி. ராஜநாராயணன் எழுதத் தொடங்கியபோது முப்பதைத் தாண்டியிருந்தார். அவர் அதற்குப் பின் எழுதிய காலம் அறுபது ஆண்டுக்கு மேல். துவரங்குறிச்சியில் சல்மா, வீட்டாருக்குத் தெரியாமல், புனைபெயரில், இரவில் குளியலறையில் வைத்துக் கவிதை எழுதினார். உங்களுக்குக் கூடமாவது கிடைக்கிறது. சிரிப்பவர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. எந்த வயதில் ஆரம்பித்தாலும் அவர்கள் இருப்பார்கள்.

சம்பாத்தியம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுச் செலவை யார் நடத்துகிறார்கள் என்று எழுதவில்லை. நீங்கள்தான் என்று ஊகிக்கிறேன். என் அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். முப்பது வருடம் வீட்டுக் கணக்கு எழுதினார். அந்த நோட்டுகளில் ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் இப்படி: பால் பாக்கி 4.50. அகத்திக்கீரை 15 பைசா. வெற்றிலை 10 பைசா. சித்திக்கு 20 ரூபாய். அதற்குப் பக்கத்தில், கணக்குப் பத்தியை விட்டு விலகி, பென்சிலில்: ‘கேட்கக் கூடாது’. எந்தச் சித்தி, எதற்காக, ஏன் கேட்கக் கூடாது, அதை அப்பா பார்த்தாரா என்பதெல்லாம் அந்த இரண்டு சொல்லுக்குள் இருக்கிறது. என் கதைகளில் ஒன்றிலும் நான் இவ்வளவு சிக்கனமாக எழுதியதில்லை.

ஆகவே நோட்டை மாற்ற வேண்டாம். இடப் பக்கத்தில் கணக்கு இருக்கட்டும். வலப் பக்கத்தில், அன்றைய கணக்கிலிருந்து ஏதேனும் ஒரு வரியை எடுத்துக்கொண்டு, அந்தப் பணம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, வாங்கியவர் முகம் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். நாளுக்கு ஒன்று போதும். மூன்று மாதம் கழித்து வலப் பக்கங்களில் நல்லதாக ஐந்தைப் பொறுக்கி இந்த முகவரிக்கே அனுப்புங்கள், நான் படிக்கிறேன். அதுவரை மாமியார் கேட்டால் பால் கணக்கு என்று சொல்லலாம், பொய்யாகாது.