கேள்வி – பதில்: பில் போடும் மென்பொருளும் கணினியும் ஒன்றா?

கேள்வி: உவர்மலையில் மருந்தகம் நடத்துகிறேன். கணினி, பில் பிரிண்டர், பார்கோட் ஸ்கேனர் 225,000 ரூபா. பில் போடும் மென்பொருள், நிரந்தர லைசன்ஸோடு 160,000 ரூபா. எல்லாவற்றையும் கணினி என்றே வருமான வரிக்குக் காட்டலாமா? மென்பொருளும் பொருள்தான் என்று இந்தியாவில் தீர்ப்பு இருக்கிறதாமே? – வாசகர், திருகோணமலை

பதில்: சேர்க்காதீர்கள். நீங்கள் சொல்லும் 2004ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, கடையில் விற்கும் ஆயத்த மென்பொருளுக்கு ஆந்திரா விற்பனை வரி போடலாமா என்பதைப் பற்றியது. நம்முடைய வருமான வரிக் கழிவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இங்கே பார்க்க வேண்டியது 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் நான்காம் அட்டவணை. தொழிலுக்கு வாங்கிய சொத்தின் விலையை எத்தனை வருடத்துக்குப் பிரித்து வருமானத்தில் கழிக்கலாம் என்று வகுப்பு வாரியாகச் சொல்வது அதுதான்.

கணினியும் அதோடு இணையும் கருவிகளும் முதலாம் வகுப்பு, 5 வருடம். 225,000ஐ ஐந்தால் வகுத்தால் வருடம் 45,000. கணினியோடு வந்த விண்டோஸும் இதற்குள்தான். அது இல்லாமல் கணினி ஓடாது, கணக்கியல் நியமம் எல்கேஏஎஸ் 38ம் அப்படித்தான் சொல்கிறது.

பில் மென்பொருள் வேறு. அதை அழித்தாலும் கணினி வேலை செய்யும். ஆகவே அது தொட்டுணர முடியாத சொத்து, ஐந்தாம் வகுப்பு. அதன் உண்மையான பயன்பாட்டுக் காலத்துக்குத்தான் கழிவு. காலத்துக்கு முடிவே சொல்ல முடியாவிட்டால் 20 வருடம்.

சிக்கல் "நிரந்தர லைசன்ஸ்" என்ற சொல்லில்தான். பில்லில் அது மட்டும் இருந்தால் 20 வருடக் கணக்குக்கு இழுக்கும்: வருடம் வெறும் 8,000. விற்றவர் 8 வருடம் அப்டேட் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதித் தந்திருந்தால் 20,000 என்று வாதிட இடமிருக்கிறது. மருந்தகத்தில் ஒரே மென்பொருள் 20 வருடம் ஓடுவது அபூர்வம், அதனால் அதை எழுத்தில் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். கணினியோடு சேர்த்திருந்தால் மென்பொருளுக்கும் 5 வருடம் என்று வருடம் 32,000 எடுத்திருப்பீர்கள். 8 வருடக் கணக்கில் பார்த்தாலும் வருடத்துக்கு 12,000 கூடுதல். வரி அதிகாரிகளின் பரிசோதனையில் அந்தக் கூடுதல் கழிவை ஏற்க மாட்டார்கள்.

ஒரே தொகையாக பில் தந்திருந்தால் கணினியின் விலை தனியாக, மென்பொருளின் விலை தனியாக என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். வருடாவருடம் கட்டும் சந்தா இந்தக் கணக்கில் வராது, அந்தந்த வருடச் செலவு. ஆனால் மூன்று வருடத்துக்கு ஒன்றாகக் கட்டினால், பலன் 12 மாதத்தைத் தாண்டுவதால் மூலதனச் செலவாகிவிடும், கட்டிய வருடமே முழுதாகக் கழிக்க முடியாது.

மார்ச் 31இல் முடியும் வருடத்துக்குரிய கழிவை அந்த வருடமே எடுங்கள். விட்டதை அடுத்த வருடம் சேர்த்து எடுக்க முடியாது.