முதலில் மொட்டை மாடி, அப்புறம் ஏசி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: எங்கள் வீட்டுக்கு எத்தனை கிலோவாட் சோலார் போட வேண்டும்? (ஊர் எழுதவில்லை)

ஊரை மட்டுமா விட்டீர்கள்? இரண்டு மாதத்துக்கு எத்தனை யூனிட் ஓடுகிறது, மாடியில் நிழல் விழாத இடம் எவ்வளவு இருக்கிறது, ஒன்றுமே எழுதவில்லை. இதை வைத்துக்கொண்டு யாரும் பதில் சொல்ல முடியாது. சொல்பவர் இருந்தால் அவர் விற்பனையாளராக இருப்பார். முதலில் மீட்டரைப் பாருங்கள். கடந்த ஒரு வருட ரீடிங்கை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள்.

பொதுக் கணக்கு இதுதான். நம் ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும், அதற்கு 100 சதுர அடி இடம் வேண்டும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடும் வீட்டுக்கு 2 கிலோவாட் சரியாக இருக்கும். 2024இல் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் ஓட்டுகிறவர்கள் அவசரப்பட வேண்டாம், போட்ட பணம் திரும்ப ரொம்ப நாளாகும். இன்னொன்று: பேட்டரி இல்லாத சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்கிறவரின் பாதுகாப்புக்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். வாங்கிய பிறகு இதைக் கேட்டுச் சண்டை போடாதீர்கள்.

கே: பிளக்கில் செருகினால் பில் பாதியாகும் என்று ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்களே? (விருதுநகர்)

உள்ளே இருப்பது ஒரு கெபாசிட்டர். வீட்டு பில் யூனிட் கணக்கில் வருகிறது, அதை இந்தப் பெட்டி குறைக்காது. வாங்கியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.

கே: போன முறை 495 யூனிட், இந்த முறை 508. பதிமூன்று யூனிட்டுக்கு முந்நூறு ரூபாய்க்கு மேல் ஏறியிருக்கிறது. மீட்டர் கோளாறா? (திருச்சி)

கோளாறு இல்லை. 500ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரைக்கான சலுகை விலை கைவிட்டுப் போகும். அதிலேயே இருநூறு ரூபாய்க்கு மேல் கூடிவிடும். 500க்கு மேல் ஓடிய யூனிட்டுக்கும் விலை அதிகம். ரீடிங் எடுக்க வருவதற்குப் பத்து நாள் முன்னால் மீட்டரைப் பாருங்கள். 420ஐத் தொட்டிருந்தால் ஏசியையும் கீசரையும் அந்தப் பத்து நாள் கொஞ்சம் இறுக்கிப் பிடியுங்கள்.

கே: குறைந்த கரண்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் விலை இரண்டு மடங்காக இருக்கிறது. தேறுமா? (ஈரோடு)

ஹாலிலும் படுக்கையறையிலும் தேறும். பழைய ஃபேன் 75 வாட், இது 30 வாட். பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் முப்பது யூனிட்டுக்கு மேல் மிச்சம். விருந்தாளி வந்தால் மட்டும் ஓடும் ஃபேனை மாற்றுவது வீண். எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பழைய ரெகுலேட்டரை எடுத்துவிட்டு நேரடி லைன் கொடுக்கச் சொல்லுங்கள்.

கே: மேல்தளத்தில் இருக்கிறோம். ஒன்றரை டன் ஏசி போட்டும் ராத்திரி பதினொரு மணி வரை அறை குளிரவில்லை. இரண்டு டன்னாக மாற்றிவிடலாமா? (மதுரை)

மாற்றாதீர்கள். அறையின் அளவை நீங்கள் எழுதவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு என்று வைத்துக்கொண்டால் ஒன்றரை டன்னே தாராளம். இன்று சாப்பிட்டு முடித்ததும் ஃபேனை நிறுத்திவிட்டு, ஒரு ஸ்டூலில் ஏறி உள்கூரையில் உள்ளங்கையை வையுங்கள். காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொட்ட மாதிரி இருக்கும். உங்கள் ஏசி அதோடுதான் மல்லுக்கட்டுகிறது.

சித்திரை வெயிலில் கறுத்துப்போன சிமென்ட் தளத்தின் மேற்புறம் 60 டிகிரி வரை போகும். ஐந்தங்குல கான்கிரீட் அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, நாலைந்து மணி நேரம் கழித்துத்தான் உள்ளே விடத் தொடங்கும். நடுராத்திரி வரை விட்டுக்கொண்டே இருக்கும்.

இதைத் தெரிந்துதான் பழைய கொத்தனார்கள் வேலை செய்தார்கள். சென்னையின் மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தேக்குச் சட்டங்களுக்கு மேல் செங்கலைக் குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, நாள்கணக்கில் கட்டையால் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டை ஓடு பதித்தார்கள். கான்கிரீட் வந்த பிறகும் ஜல்லி சுண்ணாம்புத் தளம் போடும் வழக்கம் ரொம்ப நாள் இருந்தது. இப்போது பல வீடுகளில் வெறும் சிமென்ட் பூச்சோடு நிறுத்திவிடுகிறார்கள். நான் பார்க்கப் போகும் புது வீடுகளில் முகப்புக் கண்ணாடிக்கு லட்சக்கணக்கில் செலவு செய்திருக்கிறார்கள், தலைக்கு மேலே ஒன்றுமே இல்லை. எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. வீட்டுக்காரரும் கேட்பதில்லை, கட்டுகிறவரும் சொல்வதில்லை. குழந்தைகள் அந்தச் சூட்டில் தூங்குகிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: தளத்தில் விரிசல் இருந்தால் அடையுங்கள். பாசியைச் சுரண்டிக் கழுவி நன்றாகக் காயவிட்டு, வெள்ளைச் சுண்ணாம்பை இரண்டு கை அடியுங்கள். பங்குனி பிறப்பதற்குள் முடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் கரைந்துபோகும் என்பதால் வருடா வருடம் அடிக்க வேண்டும். அது முடியாதென்றால் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பெயிண்ட், இன்னும் செலவு செய்ய முடிந்தால் வெள்ளை டைல்ஸ். பாசியைச் சுரண்டும் வேலையை மட்டும் விட்டுவிடாதீர்கள். என் வீட்டில் முதல் வருடம் அவசரத்தில் அப்படியே அடித்தோம். ஐப்பசி மழையில் பாளம் பாளமாக உரிந்து வந்து மழைநீர்க் குழாயை அடைத்துக்கொண்டது.

இதெல்லாம் முடிந்த பிறகு ஏசியை 26இல் வைத்து ஃபேனையும் போடுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது, ஸ்டார் முத்திரை கொடுக்கும் மத்திய அரசு அமைப்பே சொல்லும் கணக்கு. ஒரு வாரம் முன்னும் பின்னும் மீட்டரைப் பார்த்துக் குறித்து வையுங்கள், வித்தியாசம் தெரியும்.

கே: கீசரை நாள் முழுக்க ஆனில் விடலாமா? (கோவை)

கூடாது. 15 லிட்டர் கீசருக்குக் குளிப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் போட்டால் போதும்.

கே: 2003இல் கட்டாயம் என்று சொன்னபோது போட்ட மழைநீர்க் குழி இருக்கிறது. இப்போது தண்ணீர் இறங்காமல் வாசலில் வழிகிறது. புதிதாகத் தோண்ட வேண்டுமா? (சென்னை)

வேண்டாம். மேல் மணலில் இருபது வருட வண்டல் அடைத்திருக்கும். மணலையும் ஜல்லியையும் வெளியே எடுத்து அலசி, திரும்பப் போடுங்கள். புரட்டாசிக்குள் செய்துவிடுங்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் ஓர் அங்குல மழை பெய்தால் 2,300 லிட்டர். அது மண்ணுக்குள் போனால் கிணற்று மட்டம் ஏறும், மோட்டார் ஓடும் நேரமும் குறையும்.

கே: ஃபிரிட்ஜ் ஓயாமல் ஓடுகிறது. புதிது வாங்கலாமா? (தஞ்சாவூர்)

பத்து ரூபாய் நோட்டு ஒன்றைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்தால் ரப்பர் பீடிங் போய்விட்டது. அதை மட்டும் மாற்றுங்கள். பின்பக்கம் சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி வையுங்கள்.