பல் எடுக்கும் நாளில் என்ன நடக்கும்?

வாசகர் கேள்விகளுக்குப் பல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 61. கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று சொத்தையாகிப் பாதி உடைந்துவிட்டது. அதை எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொல்லியும் பயத்தால் தள்ளிப்போட்டு வருகிறேன். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இதயத்துக்காகத் தினமும் ஒரு ஆஸ்பிரினும் உண்டு. அன்றைக்கு என்னவெல்லாம் நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் தைரியமாக இருக்கும்.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: முதலில், வெறும் வயிற்றோடு போகாதீர்கள். அறுவை சிகிச்சைக்குப் போவதைப் போலப் பட்டினி கிடந்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்ததும் வியர்த்து மயங்குகிறவர்கள் பெரும்பாலும் சர்க்கரை நோயாளிகள்தாம். ஊசி போட்டு அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து பல் எடுப்பதற்குப் பட்டினி தேவையில்லை. காலை வேளையில் நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு, வழக்கமான சிற்றுண்டியும் சர்க்கரை மாத்திரையும் சாப்பிட்டுவிட்டு, அண்மையில் எடுத்த ரத்தப் பரிசோதனை அறிக்கையுடன் செல்லுங்கள்.

ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஒரு பல்லை எடுக்கும்போது வரும் ரத்தத்தைப் பஞ்சால் அழுத்தியோ ஒரு தையல் போட்டோ நிறுத்திவிட முடியும்; மாத்திரையை நிறுத்தியதால் இதய ரத்தக்குழாயில் அடைப்பு ஏற்பட்டால் அதைப் பல் மருத்துவரால் சரிசெய்ய முடியாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற வேறு மருந்துகள் சாப்பிடுகிறவர்கள் தங்கள் இதய மருத்துவரையும் கலந்துகொள்ள வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிறவர்கள், பல்லுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று எண்ணி அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அவற்றுள் சில மருந்துகள், பல் எடுத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகக் காரணமாகலாம். எனவே வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்வதே நல்லது.

எக்ஸ்ரேயில் வேரின் வடிவத்தைப் பார்த்த பின் ஊசி போடுவார்கள். பொதுவாகப் பயன்படுவது லிக்னோகெய்ன் என்ற மருந்து. கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு வாயின் உட்புறத்தில், தாடை எலும்புக்குள் நரம்பு நுழையும் இடத்துக்கு அருகே மருந்து செலுத்தப்படும். மருந்துடன் சிறிதளவு அட்ரினலின் கலந்திருந்தால் ஓரிரு நிமிடங்கள் நெஞ்சு படபடக்கலாம். அது தானே அடங்கிவிடும். சில நிமிடங்களில் அந்தப் பக்கத்து உதடு தடித்துவிட்டதைப் போலத் தோன்றும், பாதி நாக்கும் மரத்துப்போகும். கூர்மையான கருவியால் ஈறைக் குத்திப் பார்த்து, உங்களுக்கு வலி தெரியவில்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகே மருத்துவர் வேலையைத் தொடங்குவார்.

பல்லைப் பிடுங்குவதாகத்தான் நாம் சொல்கிறோம். ஆனால் ஆணியைப் பிடுங்குவதைப் போல ஒரே இழுப்பில் அது வருவதில்லை. வேரையும் எலும்பையும் மெல்லிய நார்கள் இணைத்திருக்கின்றன. நெம்பும் கருவியால் அந்த நார்களை விடுவித்து, குறடால் பல்லைப் பற்றி மெல்ல அசைத்து அசைத்து, எலும்புக் குழியைச் சற்றே விரிவடையச் செய்த பிறகே பல் வெளியே வரும். இந்த நேரத்தில் தாடை அழுத்தப்படுவது உங்களுக்கு நன்றாகவே தெரியும். மருந்து வலியுணர்வைத்தான் தடுக்கிறது; அழுத்த உணர்வை முழுவதுமாகத் தடுப்பதில்லை. கூடவே ஒரு ‘கறுக்’ ஒலி கேட்கலாம்; அது எலும்பின் வழியே காதுக்கு வருவதால் உங்களுக்குப் பெரிதாகக் கேட்கும். இவ்விரண்டையும் முன்பே அறிந்திராதவர்கள்தாம் ஏதோ விபரீதம் நடப்பதாக எண்ணிப் பதறுகிறார்கள். அழுத்தம் போக உண்மையான வலி தெரிந்தால் இடக்கையை உயர்த்துங்கள். இன்னும் கொஞ்சம் மருந்து செலுத்துவார்கள். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ள வேண்டிய காலம் எப்போதோ போய்விட்டது.

உங்கள் பல் பாதி உடைந்திருப்பதால், ஈறைச் சற்றே கீறி, வேர்களைத் தனித்தனியாகப் பிரித்து எடுக்க வேண்டி வரலாம். அதற்குக் கூடுதல் நேரமும் ஓரிரு தையல்களும் தேவைப்படும். இனியும் தள்ளிப்போட வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. சீழ் பிடித்து வீங்கிய இடத்தில் திசு அமிலத்தன்மை அடைந்துவிடுவதால் மரத்துப்போகும் மருந்து அங்கே சரியாக வேலை செய்வதில்லை. வீக்கம் வராத இப்போது எடுத்தால் உங்களுக்கும் வலி குறைவு, மருத்துவருக்கும் வேலை எளிது.

எடுத்தபின் வைக்கப்படும் பஞ்சை அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை அசையாமல் கடித்துக்கொண்டிருங்கள். ரத்தம் நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்கக் கூடாது. அந்தக் குழியில் உறையும் ரத்தக் கட்டிதான் எலும்பை மூடிப் புண்ணை ஆறவைக்கும் மருந்து. வாயை வேகமாகக் கொப்பளிப்பது, காறித் துப்புவது, உறிஞ்சுகுழலில் குடிப்பது, புகைப்பது ஆகியவை அந்தக் கட்டியைப் பெயர்த்துவிடும். முதல் 24 மணி நேரம் எச்சிலை விழுங்கிவிடுங்கள். அது இளஞ்சிவப்பாக இருந்தால் பயப்பட வேண்டாம், ஒரு துளி ரத்தம் வாய் நிறைய உள்ள எச்சிலையும் சிவப்பாக்கிவிடும். ஆறிய இட்லியும், குழைத்த தயிர்ச் சாதமும் அன்றைக்குப் போதும். மறுநாளிலிருந்து, வெதுவெதுப்பான உப்பு நீரை வாயில் வைத்திருந்து மெதுவாக வெளியே விடுங்கள். உதடு மரத்திருப்பது பொதுவாக 2 முதல் 4 மணி நேரம் வரை நீடிக்கும்; அது தெளிவதற்கு முன்பே மருத்துவர் எழுதித் தந்த வலி மாத்திரையைச் சாப்பிட்டுவிடுவது நல்லது. மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டாம். ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடும் உங்களுக்கு எல்லா வலி மாத்திரையும் ஒத்துவராது.

கேள்வி: மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை மங்கிவிடும் என்று மாமியார் தடுக்கிறார். உண்மையா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: உண்மையில்லை. மேல் பற்களுக்கு வரும் நரம்பு, முகத்தின் உணர்வைச் சுமக்கும் ஐந்தாவது மூளை நரம்பின் ஒரு கிளை. பார்வைக்கு உரியது முற்றிலும் வேறான இரண்டாவது மூளை நரம்பு. பல்லை எடுக்கும்போது அதன் அருகில்கூடக் கருவி போவதில்லை. வயதான காலத்தில்தான் பலருக்கும் பல் எடுக்க நேர்கிறது, கண்ணில் புரை விழுவதும் அதே வயதில்தான்; அதனால் இரண்டையும் பெரியவர்கள் முடிச்சுப்போட்டிருக்கலாம். உங்கள் மாமியாரை அடுத்த முறை மருத்துவமனைக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் நேரில் விளக்கினால் அவருக்கும் மனம் ஆறும். மாறாக, சீழ் பிடித்த மேல் பல்லை அப்படியே விட்டால், அதன் நோய்த்தொற்று மூக்கருகே உள்ள காற்றறைக்கும், அரிதாகக் கண்ணைச் சுற்றிய பகுதிக்கும் பரவக்கூடும்.

கேள்வி: பல் எடுத்த மறுநாள் நன்றாக இருந்தேன். நான்காம் நாள் காதுவரை வலி தெறிக்கிறது, வாயிலும் நாற்றம். வலிக்கும் இடத்தில் புகையிலையை அடக்கிக்கொள்ளச் சொல்கிறார்கள்.
– வாசகர், ஆத்தூர்

பதில்: புகையிலை வேண்டவே வேண்டாம், கிராம்பு எண்ணெயையும் நீங்களாக ஊற்றாதீர்கள், ஈறு வெந்துவிடும். குழியிலிருந்த ரத்தக் கட்டி கரைந்தோ பெயர்ந்தோ போய் எலும்பு வெளியே தெரிவதால் வரும் வலியாக இது இருக்கலாம். நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி மூன்றாம் நான்காம் நாளில் கூடுவதே இதன் அடையாளம். கீழ்க் கடைவாய்ப்பற்களை எடுத்தவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் இது கூடுதலாக வரும். பல் எடுத்த மருத்துவரிடமே இன்றே செல்லுங்கள். குழியைக் கழுவி மருந்து வைத்ததும் பெரும்பாலோருக்கு விரைவில் வலி தணிகிறது. காய்ச்சல், பெருகிக்கொண்டே போகும் வீக்கம், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காலையாகட்டும் என்று காத்திராமல், இரவானாலும் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: பல் எடுத்தால் தலைக்குக் குளிக்கலாமா? அந்த இடத்தில் உடனே புதிய பல் கட்டிக்கொள்ள வேண்டுமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: தாராளமாகக் குளிக்கலாம். புதிய பல்லுக்குப் பெரும்பாலும் அவசரமில்லை. ஈறு மூடச் சில வாரங்களும், குழியில் எலும்பு நிரம்பச் சில மாதங்களும் ஆகும். ஆனால் ஆண்டுக்கணக்கில் வெற்றிடமாக விட்டால் பக்கத்துப் பற்கள் சாயும், எதிர்ப் பல் இறங்கிவரும். ஆகவே என்ன வகைப் பல், எப்போது கட்டுவது என்பதைப் பல் எடுக்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். ஞானப்பல்லை எடுத்திருந்தால் அந்த இடத்தில் பொதுவாக எதுவும் கட்டத் தேவையில்லை.