பேப்பர் பொம்மை வெட்டிக் குடுத்தா கஞ்சத்தனமா?

"ஆறு வயசு மகளுக்கு பேப்பர் பொம்மை வெட்டிக் குடுத்தா கஞ்சம்னு நெனப்பாங்களா?"ன்னு கேட்டிருக்கீங்க. உங்க வீட்லயும் யாரோ ஏதோ சொல்லிட்டாங்க போல, இல்லாட்டி இப்படிக் கேக்க மாட்டீங்க.

எனக்கு கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம்னாலும் வீட்ல தமிழ்தான். எங்க அம்மாயி, அதாவது அம்மாவோட அம்மா, கல்யாணப் பத்திரிகை அட்டைல பொம்மை வெட்டி, கழுத்து மடங்காம இருக்க முதுகுல தென்னை ஈர்க்குச்சிய வச்சு சோத்துப் பசை போட்டு ஒட்டித் தரும். ஓணத்துக்கு வர்ற மலையாளப் புக்குல துணிக்கடை விளம்பரம் வழவழன்னு இருக்கும், அதுல இருந்து பொம்மைக்கு கசவு முண்டு, அதான் ஜரிகைக் கரை வச்ச கேரளா வேட்டி, பொள்ளாச்சி ஜவுளிக்கடை காலண்டர்ல இருந்து பட்டுப் பாவாடைன்னு துணி வெட்டும்.

நாத்தனா மகளுக்குப் பொறந்தநாள்னு நாலு ராத்திரி உக்காந்து ஒரு பொம்மையும் பதினோரு துணியும் வெட்டி ஸ்வீட் பாக்ஸ்ல அடுக்கி எடுத்துட்டுப் போனேன். எல்லார் முன்னாடியும் "கடைல வாங்கித் தர காசில்லையா"ன்னு கேட்டுட்டாங்க. பாக்ஸ் பீரோ மேல போச்சு. ஆறு மாசம் கழிச்சுப் போனப்பவும் நான் கட்டுன சிவப்பு நூல் அவுக்காம அங்கயே இருந்துச்சு.

பிளாஸ்டிக் பொம்மை வேண்டாம்னு நான் சொல்லலைங்க, எம்மகளுக்கும் வாங்கிக் குடுத்திருக்கேன். ஆனா பேப்பர் பொம்மை காசில்லாதவங்க சாமான்னு மட்டும் சொல்லாதீங்க. 1810லயே லண்டன்ல ஒரு கம்பெனி அட்டைப் பொம்மையும் மாத்துத் துணியும் கதைப் புக்கோட சேத்து வித்திருக்கு, அமெரிக்கால ஒரு பொம்பளைங்க பத்திரிகை 1951ல இருந்து வெட்டி எடுக்கற பொம்மைக்குன்னே பக்கம் ஒதுக்குச்சு.

நீங்க வெட்டிக் குடுங்க. கை ஒடம்போட ஒட்டாம விலகி நிக்கற மாதிரி வரைங்க. பொம்மைய ஜன்னல் கண்ணாடில வச்சு மேல பேப்பர் போட்டா வெளிச்சத்துல அளவு தெரியும், அதுல துணிய வரைஞ்சுக்கலாம். துணி பொம்மை மேல நிக்க, தோள்லயும் இடுப்புலயும் பின்னாடி மடக்கற காது விரல் அகலம் இருக்கணும், சின்னதா வெட்டுனா ரெண்டே நாள்ல கிழிஞ்சிரும். ஈர்க்குச்சி மறந்துடாதீங்க, மொதல்ல போறது கழுத்துதான்.